காடும் மலையும் கல்வியும்



'ஜப்பான் காலம்' என்று நம் தோட்டங்களில் ஒரு பேச்சு வழக்கு உண்டு. அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கைத் தின்ற காலம் அது. வாழைமரப் படம் போட்ட நோட்டைக் கட்டுக்கட்டாகக் கொடுத்தாலும் ஒரு முழத் துணி வாங்க முடியாத காலம். சயாமுக்குப் போன ஆண்மகன் திரும்பி வருவான் என்று லயத்து வாசலில் விளக்கேற்றி வைத்துக் காத்திருந்த காலம். அதைக் கண்ணால் கண்டவர்கள் இன்று நம்மிடையே மிகச் சிலரே உள்ளனர்.

அந்தக் காலத்தைப் பற்றி இன்று ஓர் ஆங்கிலேயரின் வாழ்க்கையைக் கொண்டு பேசப் போகிறோம். அவர் பெயர் பிரெடரிக் ஸ்பென்சர் சாப்மன். மலை ஏறியவர், மலாயாக் காட்டில் மூன்றாண்டுகளுக்கு மேல் மறைந்திருந்து போரிட்டவர், தம் வாழ்நாளின் பெரும்பகுதியைப் பிள்ளைகளின் கல்விக்குக் கொடுத்தவர். வெள்ளைக்காரர் கதை நமக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. 1942-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் அந்த மனிதர் தம் உயிரைக் காத்துக்கொள்ள ஒரு வேடம் பூண்டார். அது தமிழ்த் தொழிலாளியின் வேடம். நம் பாட்டன்மாருடைய தோற்றம் அவருக்குக் கவசமாக இருந்தது. ஆகவே அவருடைய கதையில் நமக்கும் ஓர் இடம் உண்டு. அது எந்த இடம் என்று பார்ப்போம்.

சாப்மன் 1907-ஆம் ஆண்டு மே மாதம் லண்டனில் பிறந்தார். பிறந்த சிறிது காலத்திலேயே தாய் இறந்துபோனார். தந்தையோ முதல் உலகப் போரில், 1916-இல், பிரான்சு நாட்டின் சொம் போர்க்களத்தில் மாண்டார். வட இங்கிலாந்தில் ஏரிகளும் குன்றுகளும் நிறைந்த பகுதியில், வயது முதிர்ந்த ஒரு பாதிரியாரும் அவர் மனைவியும் இந்த அநாதைச் சிறுவனை வளர்த்தனர். பெற்றோர் மடி கிடைக்காத பிள்ளை குன்றுகளிலும் ஓடைகளிலும் திரிந்தது. பறவையையும் செடியையும் உற்றுநோக்கப் பழகியது. பிற்காலத்தில் மலாயாக் காட்டில் அவருக்குக் கைகொடுத்தது இந்தப் பழக்கமே.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் படித்தபின், 1930-இல் கினோ வாட்கின்ஸ் என்பவர் தலைமையில் கிரீன்லாந்துக்குச் சென்ற ஆய்வுக் குழுவில் சேர்ந்தார். எங்கும் பனிக்கட்டி; நீண்ட குளிர்கால இரவுகள்; நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டிகளில் பயணம். அங்கே எஸ்கிமோ மக்களுடன் பழகி அவர்கள் மொழியையும் கற்றார். ஒரு நாட்டில் உயிர் வாழ வேண்டுமானால் அந்த மண்ணின் மக்களிடம் மாணவனாக இருக்க வேண்டும் என்பது அவர் அங்கே கண்ட பாடம்.

1936-இல் பிரிட்டிஷ் அரசின் தூதுக்குழு ஒன்றுடன் திபெத்தின் தலைநகரான லாசாவுக்குப் போனார். பின்னர், 1937 மே 21-ஆம் நாள், பூட்டான் திபெத் எல்லையில் நிற்கும் சோமோல்ஹாரி சிகரத்தின் உச்சியை அடைந்தார். அதன் உயரம் 7,300 மீட்டருக்கும் மேல். நம் சபா மாநிலத்தின் கினபாலு மலை 4,095 மீட்டர். அதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் உங்களுக்கு அளவு விளங்கும். அதற்கு முன் அந்த உச்சியில் மனிதர் நின்றதாகப் பதிவு இல்லை.

ஆனால் அவர் தனியாக ஏறவில்லை. அவருடன் கடைசி அடி வரை சென்றவர் பாசாங் தாவா லாமா என்னும் ஷெர்ப்பா இனத்தவர். இறங்கும்போது பாசாங் சறுக்கி விழ, ஒரே கயிற்றில் பிணைக்கப்பட்டிருந்த இருவரும் பனிச்சரிவில் உருண்டனர். சாப்மன் தம் பனிக்கோடரியைக் குத்தி நிறுத்தியதால் இருவரும் பிழைத்தனர். இதே பாசாங் பின்னர் 1954-இல் சோ ஓயு என்ற இன்னும் உயரமான சிகரத்தில் முதன்முதலாக ஏறிய மூவரில் ஒருவரானார். இருந்தும் சோமோல்ஹாரியைப் பற்றிப் பேசும்போது பலரும் சாப்மன் பெயரோடு நிறுத்திவிடுகிறார்கள். சுமை தூக்கியவன் பெயரை வரலாறு எளிதில் விட்டுவிடுகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்வோம். மீண்டும் இங்கே வர வேண்டியிருக்கும்.

மலையிலிருந்து இறங்கியவர் ஆசிரியர் வேலைக்குப் போனார். 1938-இல் ஸ்காட்லாந்தின் கோர்டன்ஸ்டவுன் பள்ளியில் சேர்ந்தார். ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து வெளியேறிய கூர்ட் ஹான் என்ற கல்வியாளர் நிறுவிய பள்ளி அது. ஏட்டுப் படிப்போடு கடலும் மலையும் உடலுழைப்பும் பிள்ளையை மனிதனாக்கும் என்பது ஹானின் கொள்கை. ஓராண்டுதான் கழிந்தது. 1939-இல் போர் மூண்டது. சாப்மன் படையில் சேர்ந்தார். 1941 செப்டம்பரில் சிங்கப்பூருக்கு வந்து, மறைமுகப் போர்முறையைக் கற்பிக்கும் 101-ஆம் சிறப்புப் பயிற்சிப் பள்ளியில் பொறுப்பேற்றார்.

அதே 1941-ஆம் ஆண்டில் நம் கிள்ளான் வட்டாரத்தில் என்ன நடந்தது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். மார்ச் முதல் மே வரை கிள்ளான் பகுதித் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளிக்குக் கிடைக்கும் கூலி தங்களுக்கும் வேண்டும் என்றார்கள். பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளி, நல்ல மருத்துவ வசதி, கள்ளுக்கடையை மூடுதல், துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் கட்டாயத்தை ஒழித்தல் ஆகியவற்றைக் கேட்டார்கள். தலைவர் ஆர். எச். நாதன் மே மாதம் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். தோட்டங்களுக்குள் படை வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் உயிரிழந்தனர். தொழிலாளியைச் சுட்ட பேரரசு, ஏழே மாதங்களில், 1941 டிசம்பர் 8-ஆம் நாள் கோத்தா பாருவில் இறங்கிய ஜப்பானியப் படையின் முன்னால் பின்வாங்கத் தொடங்கியது. 1942 ஜனவரி 11-இல் கோலாலம்பூர் வீழ்ந்தது. தோட்டங்களில் துரைமார் போய்விட்டார்கள். தொழிலாளர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள்.

சாப்மனின் திட்டம் வேறு. எதிரி முன்னேறிச் சென்ற பின் அவன் முதுகுப்புறத்தில் சிறு குழுக்களை விட்டு வைத்து, சாலையையும் ரயில் பாதையையும் தகர்க்க வேண்டும் என்பது அவர் எண்ணம். மேலிடம் முதலில் இசையவில்லை. வெள்ளைக்காரர் பின்வாங்கப் போகிறார் என்று சுதேசிகள் நினைத்துவிடுவார்களே என்று கௌரவம் பார்த்தார்கள். ஆபத்து தலைக்கு மேல் வந்தபின்தான் அனுமதி கிடைத்தது. சீனக் கம்யூனிஸ்டு இளைஞர்களுக்குச் சிங்கப்பூரிலும், பின் கோலாலம்பூரில் ஒரு சீனப் பள்ளிக் கட்டடத்திலும் அவசர அவசரமாகப் பயிற்சி தரப்பட்டது. அவ்வாறு பயிற்சி பெற்ற 165 பேரே பின்னர் மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படையின் கருவாயினர்.

சாப்மனும், தோட்ட நிர்வாகம் அறிந்த ஹார்வி என்பவரும், வெடிமருந்து நிபுணரான சார்ஜண்ட் சார்ட்டின் என்பவரும் காட்டில் தங்கிவிட்டனர். நடுமலைத் தொடரைக் கடந்து தஞ்சோங் மாலிம் பக்கம் வந்து சேர அவர்களுக்குப் பன்னிரண்டு நாட்கள் ஆயின. கோலாலம்பூரிலிருந்து ஈப்போ செல்லும் பெருஞ்சாலையும் ரயில் பாதையும் அங்கே அருகருகே ஓடுகின்றன. பிப்ரவரி முதல் பாதியில், ஏறக்குறைய பதினைந்து இரவுகள், மூவரும் வெடி வைத்தார்கள். ஏழெட்டு ரயில்கள் கவிழ்ந்ததாகவும், நாற்பது வண்டிகள் வரை அழிந்ததாகவும், நூற்றுக்கணக்கான ஜப்பானியர் மாண்டோ காயமடைந்தோ போனதாகவும் சாப்மன் கணக்குத் தருகிறார். இது அவருடைய நூலில் உள்ள கணக்கு என்பதை நாம் மறக்க வேண்டியதில்லை.

அந்த இரவுகளில்தான் அவர்கள் தமிழர் ஆனார்கள். விளக்குக்கரி, காப்பி போன்றவற்றைக் குழைத்து முகத்திலும் கைகாலிலும் பூசினர். வெள்ளைச் சட்டை அணிந்து, இடுப்பில் துணி கட்டி, தலையில் முண்டாசு சுற்றினர். உயரமான வெள்ளைக்காரர் சீனராகவோ மலாய்க்காரராகவோ வேடமிட்டால் பொருந்தாது; தமிழராக வேடமிட்டால் இருட்டில் பொருந்தும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணமும் இருந்திருக்கும் என்று நாம் நினைக்கிறோம். சடக்கு ஓரமாகத் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு நடந்துபோகும் ஒரு தோட்டத் தொழிலாளியை யார் நின்று பார்ப்பார்கள்? துரை பார்த்ததில்லை, ஜப்பானியச் சிப்பாயும் பார்க்கவில்லை. யாரும் கவனிக்காதவன் என்ற நிலை தொழிலாளிக்கு ஆயுள் முழுவதும் சுமை. வேடமிட்டவருக்கோ அது ஒரு இரவுக்குப் பாதுகாப்பு. வேலை முடிந்ததும் அவர் சாயத்தைக் கழுவிக்கொள்ளலாம்.

வெடித்தவர்கள் காட்டுக்குள் போய்விட்டார்கள். ஜப்பானியரின் கோபமோ அருகிலிருந்த எளிய மக்கள் மேல் பாய்ந்தது. சீனக் குடும்பங்கள் பல பழிவாங்கப்பட்டன. சாப்மனுக்குச் சோறும் இடமும் கொடுத்தவர்கள் அம்மக்களே. ஹார்வி உள்ளிட்ட அவருடைய தோழர்கள் சிலர் சில வாரங்களில் பிடிபட்டுக் கோலாலம்பூர் புடு சிறையில் அடைக்கப்பட்டனர். 1942-இல் அச்சிறையிலிருந்து தப்பி, மீண்டும் பிடிபட்டுக் கொல்லப்பட்டனர். அந்தப் புடு சிறை இன்று இல்லை. அதன் இடத்தில் வணிகக் கட்டடங்கள் நிற்கின்றன.

சாப்மன் பிழைத்தார். எப்படிப் பிழைத்தார்? மலேரியா அவரை விடவில்லை. நுரையீரல் அழற்சியும் புண்களும் தாக்கின. ஒருமுறை பல நாட்கள் நினைவில்லாமல் கிடந்தார். சீனக் கொரில்லாக்கள் அவரைத் தூக்கிச் சுமந்தார்கள். ஓராங் அஸ்லி மக்கள் வழி காட்டினார்கள். எந்தக் கிழங்கைத் தின்னலாம், எந்த ஓடையைத் தொடர்ந்து போகலாம் என்று கற்றுக்கொடுத்தார்கள். அவரும் முகாம்களில் இளைஞர்களுக்கு ஆயுதப் பயிற்சி அளித்தார். ஓய்வில் பறவைகளைக் கவனித்தார், செடிகளைச் சேகரித்தார், நாட்குறிப்பு எழுதினார்.

1943 கடைசியில், நீர்மூழ்கிக் கப்பலில் வந்து இறங்கிய ஜான் டேவிஸ், ரிச்சர்டு புரூம் ஆகிய 136-ஆம் படைப்பிரிவு அதிகாரிகளைப் பேராக் மாநிலத்தில் பீடோர் மலைப்பகுதியில் சந்தித்தார். 1944 மே மாதம் ஜப்பானியரிடம் சிக்கிக்கொண்டார். அன்றிரவே, உறங்கும் பையினுள் தம் பொருள்களைத் திணித்து ஆள் படுத்திருப்பது போலச் செய்துவிட்டு, கூடாரத்துணியின் அடியில் நுழைந்து தப்பினார். 1945 மே 13-ஆம் நாள் பங்கோர் லாவுட் தீவின் கரையிலிருந்து புரூமுடன் நீர்மூழ்கிக் கப்பலேறி வெளியேறினார். அதே ஆகஸ்டில் வான்குடை மூலம் பகாங் மாநிலத்தில் மீண்டும் இறங்கினார்.

இதே காலத்தில் நம்மவர் நிலை என்ன? சயாம் பர்மா ரயில் பாதை 415 கிலோமீட்டர். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். அங்கே வேலை செய்த போர்க்கைதிகள் ஏறக்குறைய அறுபதாயிரம் பேர். ஆசியத் தொழிலாளர்களோ இரண்டு லட்சத்துக்குக் குறையாது என்பர். அவர்களில் பல்லாயிரவர் மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள். மாண்ட போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாக உள்ளன. நம் தொழிலாளர்களில் எத்தனை பேர் மாண்டார்கள் என்ற எண்ணிக்கையில்கூட வரலாற்றாசிரியர்கள் ஒன்றுபடவில்லை. அவர்களுடைய காட்டு வாழ்க்கையை எழுத அங்கே நாட்குறிப்பு இல்லை, பென்சில்கூட இல்லை.

ஊரில் தங்கியவர்களுக்கும் அமைதி இல்லை. சாப்மன் தரையில் தாக்கிய அதே ரயில்வேயை 1945 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் நேச நாட்டு விமானங்கள் வானிலிருந்து தாக்கின. செந்தூல் ரயில் பட்டறை குண்டுக்கு இலக்கானது. தலைமுறை தலைமுறையாக நம்மவர் உழைத்த இடம் அது. மார்ச் 10-ஆம் நாள் பிரிக்பீல்ட்ஸ் பக்கத்து ரயில் வசதிகளைக் குறிவைத்த குண்டு, அருகிலிருந்த சிலாங்கூர் அருங்காட்சியகத்தின் மேல் விழுந்தது. இன்றைய தேசிய அருங்காட்சியகம் எழுந்தது அந்த இடத்தில்தான்.

போர் முடிந்தபின் சாப்மன் 1949-இல் தம் அனுபவத்தை நூலாக்கினார். 'காடு நடுநிலையானது' என்பது அதன் தலைப்பின் பொருள். காடு உனக்கு நண்பனும் அல்ல, பகைவனும் அல்ல. அங்கே நீரும் உண்டு, மறைவிடமும் உண்டு, நோயும் உண்டு. பிழைப்பதும் அழிவதும் பெரும்பாலும் மனத்தின் உறுதியைப் பொறுத்தது என்பது அவர் கருத்து. காட்டில் தவறித் தங்கிவிட்ட படைவீரர் பலர், காட்டைக் கண்டு அஞ்சியே சில மாதங்களில் மாண்டார்கள் என்று அவர் கண்டார்.

இந்தக் கருத்து உண்மைதான்; ஆனால் பாதி உண்மை. சயாம் காட்டில் மாண்ட நம் தொழிலாளிக்கு மன உறுதி இல்லாமலா போயிற்று? காட்டைத் திருத்திக் கித்தா மரம் நட்டவன் காட்டுக்கா அஞ்சினான்? அரைவயிற்றுக் கஞ்சியும், காலராவும், தடியடியும் அவனைக் கொன்றன. மருந்து கொடுக்க ஆள் இல்லை. காடு நடுநிலையானதாக இருக்கலாம். மனிதர் அமைத்த ஏற்பாடுகள் நடுநிலையானவை அல்ல. மன உறுதியும் வேண்டும், நியாயமான ஏற்பாடும் வேண்டும். இரண்டில் ஒன்று மட்டும் போதாது.

சாப்மன் இதை அறியாதவர் அல்லர் என்பதற்கு அவருடைய பிற்கால வாழ்க்கை சான்று. 1946-இல் 'அவுட்வர்டு பவுண்ட்' அறக்கட்டளையின் முதல் அமைப்புச் செயலாளர் ஆனார். இந்த இயக்கம் பிறந்த கதை கேட்கத் தக்கது. போரில் கப்பல் மூழ்கும்போது, உயிர்ப்படகுகளில் ஏறிய இளம் மாலுமிகள் சோர்ந்து மாள, வயதானவர்கள் பிழைத்து வந்தார்கள். இதைக் கண்டு வருந்தியவர் நீலப் புகைபோக்கிக் கப்பல் நிறுவனத்தைச் சேர்ந்த லாரன்ஸ் ஹோல்ட். அந்தக் கப்பல்கள் நம் கிள்ளான் துறைமுகத்துக்கும் வந்து போனவையே. அவரும் கூர்ட் ஹானும் சேர்ந்து, 1941-இல் வேல்ஸ் கடற்கரையில் இளைஞர்களுக்கு ஒரு பள்ளி தொடங்கினார்கள். 1954-இல் அதே இயக்கத்தின் பள்ளி நம் நாட்டில் லுமுட்டில் தொடங்கப்பட்டது. சாப்மன் நீர்மூழ்கிக் கப்பலேறிய பங்கோர் தீவுகளுக்கு எதிர்க்கரை அது.

அதன்பின் ஜெர்மனியில் பிளோன் நகரில் ஆங்கிலப் படையினர் பிள்ளைகளுக்கான பள்ளிக்கு 1948 முதல் 1952 வரை தலைமையாசிரியர். தென்னாப்பிரிக்காவின் கிரகாம்ஸ்டவுனில் 1956 முதல் 1961 வரை கல்லூரித் தலைவர். 1962 முதல் 1966 வரை இங்கிலாந்தில் பெஸ்டலோசி சிறுவர் கிராமத்தின் பொறுப்பாளர். இந்தச் சிறுவர் கிராமத்துக்குத் திபெத்திலிருந்து அகதியான பிள்ளைகளும் வந்தார்கள். தாயும் தந்தையும் இன்றி வளர்ந்தவர், தாம் இளமையில் நடந்த நாட்டின் பிள்ளைகளுக்குத் தகப்பன் நிலையில் நின்றார். அவர் வாழ்க்கையில் நமக்கு மிகவும் பிடித்த பகுதி இதுவே.

முடிவு துயரமானது. போரில் பட்ட நோயும் முதுகுவலியும் அவரை விடவில்லை. 1971 ஆகஸ்டு 8-ஆம் நாள், ரெடிங் பல்கலைக்கழக மாணவர் விடுதித் தலைவராக இருந்தபோது, தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். வயது 64. காட்டையும் பனியையும் வென்ற மன உறுதிக்கும் ஓர் எல்லை உண்டு. போரின் காயம் சில நேரம் கால் நூற்றாண்டு கழித்தும் கொல்கிறது. சயாமிலிருந்து திரும்பி வந்து, வாய் திறந்து ஒரு சொல் சொல்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்த நம் பெரியவர்களை இப்போது நாம் வேறு கண்ணோடு பார்க்கலாம். வேதனையை உள்ளேயே பூட்டி வைப்பது வீரம் அன்று. சொல்லிக்கொள்ள ஓர் ஆள் வேண்டும், கேட்க ஒரு வீடு வேண்டும்.

நம்மவரிலும் போர்முனையிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு வந்தவர் உண்டு. ஈப்போவில் 1927-இல் பிறந்த ராசம்மா பூபாலன், பதினாறு வயதில் நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து பர்மா வரை சென்றார். சாப்மன் எந்தப் பேரரசுக்காகப் போரிட்டாரோ, அதே பேரரசை எதிர்த்து இவர் துப்பாக்கி ஏந்தினார். பின்னர் ஆசிரியரானார். 1960-இல் பெண் ஆசிரியர்களுக்குச் சங்கம் அமைத்து, ஆணுக்கு நிகரான சம்பளத்துக்குப் போராடினார். கோலாலம்பூர் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியராகவும், இன்று பிரிக்பீல்ட்ஸில் உள்ள மெதடிஸ்ட் கல்லூரியின் முதல் தலைவராகவும் இருந்தார். எதிரெதிர் அணியில் நின்ற இருவரும் கடைசியில் கரும்பலகையின் முன்னால் வந்து நின்றார்கள். அடுத்த தலைமுறையைக் காப்பது அங்கேதான் என்று இருவரும் உணர்ந்திருக்க வேண்டும்.

நேயர்களே, சாப்மன் நாட்குறிப்பு எழுதியதால்தான் அவருடைய காடு நமக்குத் தெரிகிறது. பாசாங் எழுதவில்லை, நம் பாட்டன்மாரும் எழுதவில்லை. வேடமிட்ட தமிழனைப் பற்றி நூல் இருக்கிறது. உண்மைத் தமிழனைப் பற்றி இருப்பது மிகக் குறைவு. இந்தக் குறையைத் தீர்க்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. வீட்டில் பள்ளி செல்லும் பிள்ளையிடம் ஒரு பயிற்சிப் புத்தகத்தைக் கொடுங்கள். தாத்தா எந்தத் தோட்டத்தில் மரம் வெட்டினார், எந்த ஆண்டு சயாமுக்குப் போனார், யாரோடு போனார், யார் திரும்பவில்லை என்று தெரிந்ததையெல்லாம் எழுதச் சொல்லுங்கள். பெயரை முழுமையாக எழுதட்டும், ஊரையும் எழுதட்டும். பாட்டி சொல்வதை அவர் சொல்லும் விதத்திலேயே எழுதட்டும். ஒரு லயத்தில் பத்து வீடுகள் இதைச் செய்தால், ஒரு தோட்டத்தின் வரலாறு கைக்கு வந்துவிடும்.